எங்கும் போய்ச் சேராத கோடு

பண்டத்தரிப்பு
24.02.2025

றிஹானா,

வழக்கமாக எழுதும் 'அன்புள்ள' இன்று வரவில்லை. உன் நம்பரை என் போனில் மறித்து வைத்திருக்கிறேன், அது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். கதைத்தால் கத்துவேன், கத்தினால் அழுவேன். அதனால்தான் கடிதம். அதோடு நீ சொன்ன ஒரு சொல் எனக்கு எழுத்தில் வேண்டும்.

போன வருஷம் ஐந்து சந்தியில் உன் கடைப் படியில் நின்று நான் கேட்டது நினைவிருக்கிறதா? எங்கள் தையல் தொழிற்சாலையில் போன் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், புளூடூத், வைஃபை இருக்கிற எதையும் விடமாட்டார்கள், பாட்டு மட்டும் கேட்கிற சின்னப் பிளேயர் என்றால் பரவாயில்லை என்கிறார்கள் என்று சொன்னேன். நீ கண்ணாடிப் பெட்டியிலிருந்து அந்த நீலப் பிளேயரை எடுத்துத் தந்து, "உதுக்குள்ளை ஒண்டும் இல்லையடி, பாட்டு மட்டும்தான், கண்ணை மூடிக்கொண்டு கொண்டு போ" என்றாய். நான் கொண்டுபோனேன். எங்கள் லைனில் இன்னும் பல பிள்ளைகள் அதைப் பார்த்து உன்னிடமே வந்து வாங்கினார்கள்.

போன புதன்கிழமை செக்கியூரிட்டி ஒரு போனைக் கையில் பிடித்தபடி லைன் லைனாக நடந்து வந்தார். அடுத்த பருவத்துக்குத் தைக்கிற உடுப்புகளின் படங்கள் இணையத்தில் எங்கேயோ வந்துவிட்டனவாம். அதற்குப் பிறகு இந்த நடை. என் மெசினுக்குப் பக்கத்தில் நின்றார். என் மேலங்கிப் பொக்கற்றில் இருந்ததை எடுக்கச் சொன்னார். தன் போனில் புளூடூத் தேடும் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'டெமோ' என்று ஒரு பெயரும் பின்னால் சில இலக்கங்களும். "உது என்ன? உமக்குள்ளை இருந்துதான் வருகுது" என்றார். எனக்குள்ளிருந்து! அந்த நேரம் பக்கத்து மெசின் சிவகௌரி செக்கியூரிட்டியை ஒரு பார்வை பார்த்தாள். அவள்தான் காட்டிக்கொடுத்தாள் என்று நினைக்கிறேன்.

வேலைக்கு வரவேண்டாம், விசாரணைக்கு மட்டும் மார்ச் இருபத்தைந்தாம் திகதி வா என்று சொல்லிவிட்டார்கள். பிளேயரைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அதில் கமராவே இல்லை என்றேன். "படம் எடுக்கிறது வேறை, அனுப்புறது வேறை" என்றார் நிர்வாக அதிகாரி தியாகலிங்கம்.

ஊரில் என்ன கதை வரும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டா.

நீ எனக்குச் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பு. அது போதும். வேறு ஒன்றும் எழுதத் தேவையில்லை.

ஜெசிதா


புத்தளம்
01.03.2025

ஜெசி,

நீ கேட்ட தாள் இதனோடு இருக்கிறது. "உள்ளே ஒன்றும் இல்லை என்று நான்தான் சொன்னேன், திறந்து பார்க்காமல் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. பெட்டியில் போட்டிருந்ததை வாசித்துவிட்டு, உள்ளே பார்த்தவள் மாதிரிச் சொன்னேன். என்னை மன்னி என்று கேட்க எனக்கு முகமில்லை, அதனால் இப்போது கேட்கவில்லை.

பிள்ளைப்பேற்றுக்கு உம்மா வீட்டுக்கு வந்த இடத்தில், டொக்டர் என்னை எழும்பவே கூடாது என்று சொல்லிவிட்டார். பிள்ளை கிடைக்கும் மட்டும் இடப்பக்கம் சரிந்து படுத்திருக்க வேண்டும். தேநீர்த் தட்டைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் எழுதுகிறேன். நாளைக்கு நோன்பு தொடங்குகிறது. எனக்கு இந்த முறை இல்லை. உம்மா தான் நோன்பிருந்துகொண்டு எனக்குச் சமைக்கப்போகிறா.

இனி நீ கோபப்படுவாய், ஆனாலும் கேட்கிறேன். கேட்காமல் என்னால் படுத்திருக்க முடியவில்லை. அந்தப் பெயர் செக்கியூரிட்டியின் போனில் எவ்வளவு நேரம் இருந்தது? வந்து நின்றதா, வந்து மறைந்ததா? பெயருக்குப் பின்னால் இருந்த இலக்கங்கள் என்ன? அதற்கு முன் எத்தனையோ மாதம் நீ அதே பிளேயரோடு அதே கதிரையில் இருந்திருக்கிறாய், அப்போது ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை? இல்லாத ஒன்று எப்படி ஒரு நாளைக்கு மட்டும் இருக்க முடியும்?

ஒரு உதவி செய். எனக்காக இல்லை, உனக்காக. என் கடைத் திறப்பு பக்கத்துத் தேநீர்க் கடை ஹசன் மாமாவிடம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியின் கீழ்த் தட்டில் அதே நீலப் பிளேயர் இரண்டு, பெட்டி உடைக்காமல் இருக்கும். ஒன்றை அப்படியே வைத்திரு. மற்றதைத் திற. பின்பக்க மூடியின் விளிம்பில் நகத்தை விட்டுச் சுற்றிவர நகர்த்து, மூடி தானாகக் கழரும். மின்கலத்தைப் பேர்த்து எடுக்காதே, அது பசையில் ஒட்டியிருக்கும். உள்ளே பச்சை மின்சுற்றுப் பலகை ஒன்று இருக்கும், போர்ட் என்போம், அதைப் பார். நடுவில் கறுப்புச் சதுரம் ஒன்று இருக்கும், நாங்கள் ஐசி என்போம். அதன் மேல் பொடி எழுத்தில் ஒரு இலக்கம் இருக்கும். அதை எழுதி அனுப்பு.

பிறகு போர்ட்டின் ஓரத்தைப் பார். நெளிந்து நெளிந்து போய், எங்கும் போய்ச் சேராத ஒரு செப்புக் கோடு இருக்கிறதா? இல்லையென்றால் அவர்கள் வேறு எதையோ பார்த்துவிட்டு உன்னைப் பிடித்திருக்கிறார்கள். இருந்தால் கதை வேறு.

றிஹானா


பண்டத்தரிப்பு
08.03.2025

றிஹானா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்புக்குள் போடத்தான் எழும்பினேன். இங்கே என் வேலை போகிறது, நீ இலக்கம் கேட்கிறாய். அம்மாதான், "அவள் கேட்டதைச் செய்யன். நீயும் சும்மாதானே இருக்கிறாய்" என்றா.

தவக்காலம் தொடங்கிய அடுத்த நாள் ஐந்து சந்திக்குப் போனேன். ஹசன் மாமா என்னைக் கண்டதும் நீதான் வந்தது மாதிரி ஓடிவந்து கடையைத் திறந்து, கூட்டி, ஒரு பிளேன்ரீயும் வைத்தார். "பிள்ளை, றிஹானாவுக்குச் சொல்லுங்கோ, கூரையாலை ஒழுகேல்லை எண்டு" என்றார். சொல்லிவிட்டேன்.

அங்கேயே உன் மேசையில் இருந்து திறந்தேன். மூடி இலேசில் வரவில்லை. எனக்கு நகம் இல்லை, மெசினுக்கு முன்னால் இருக்கிறவளுக்கு எப்படி நகம் இருக்கும்? நூல் வெட்டுகிற கத்தரிக்கோலின் நுனியால் எடுத்தேன். பயந்தது போல ஒன்றும் உடையவில்லை.

இருக்கிறது, றிஹானா.

வலது மூலையில் இருக்கிறது. எனக்கு அதைக் கண்டவுடன் சிரிப்பு வந்தது, ஏன் என்று தெரியவில்லை. சிக்-சாக் தையல் மாதிரியே இருக்கிறது. இவ்வளவு சின்னதாக, இவ்வளவு ஒழுங்காக எங்கள் லைனில் ஒருத்தியாலும் தைக்க முடியாது. ஒரு நுனி அந்தக் கறுப்புச் சதுரத்துக்குள் போகிறது. மற்ற நுனி முடிச்சுப் போடாமல் விட்ட நூல் போல வெறுமனே நிற்கிறது. நான் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேநீர் ஆறிவிட்டது.

இலக்கத்தைத் தனித் தாளில் பெரிதாக எழுதியிருக்கிறேன். உன் மேசை லாச்சியில் இருந்த பூதக் கண்ணாடியால்தான் வாசித்தேன். மூன்றாவது எழுத்து எட்டா, ஆங்கில 'பி'யா என்று சந்தேகம்.

நீ கேட்ட மற்றவை: பெயர் வந்து நிற்கவில்லை. செக்கியூரிட்டி போய்த் தியாகலிங்கம் சேரைக் கூட்டி வந்து காட்டும்போது அது மறைந்துவிட்டது. அதனால்தான், நான் பொக்கற்றுக்குள் கையை விட்டு நிறுத்திவிட்டேன் என்கிறார்கள். இலக்கங்கள் நினைவில்லை.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது? ஒருவரும் பாவிக்காத ஒன்றை இவ்வளவு அழகாக ஏன் வரைந்து வைத்தார்கள்? அதைச் சொல்.

ஜெசிதா


புத்தளம்
13.03.2025

ஜெசி,

எட்டுத்தான், 'பி' இல்லை. அந்த ஐசி செய்கிற கொம்பனியின் விளக்கத் தாளை இணையத்தில் தேடி எடுத்துவிட்டேன். போனை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு வாசித்ததில் அது இரண்டு தரம் மூக்கில் விழுந்தது. உம்மா, "மகள், பிள்ளைத்தாச்சி படிக்கிற கிதாபா அது?" என்று கேட்டா.

பாட்டைப் படிக்கிறதும் திரையைக் காட்டுகிறதும் புளூடூத்தும் எல்லாம் அந்த ஒரே சதுரத்துக்குள் இருக்கின்றன. ஐசி செய்கிறவர்கள் ஒரே சாமானைக் கோடிக்கணக்கில் செய்கிறார்கள். பிளேயர் செய்கிறவர்கள் அதை வாங்கி இரண்டு விதமாக விற்கிறார்கள். ஒன்றில் புளூடூத் திறந்திருக்கும், பெட்டியிலும் போட்டிருக்கும். மலிவானதில் உள்ளே இருக்கிற மென்பொருளால் அதைப் பூட்டிவிடுவார்கள். பூட்டியதைப் பற்றிப் பெட்டியில் போடமாட்டார்கள். நீ கண்ட நெளிந்த கோடுதான் புளூடூத்தின் அன்டெனா, அதைத் தனியாக எடுத்துவிடப் புதிய போர்ட் வரைய வேண்டும், யார் மினக்கெடுவார்கள்?

சரி, பூட்டியது எப்படித் திறந்தது? இதுதான் இரண்டு இரவாக என் மண்டையைத் தின்கிறது. என் எண்ணம் ஒன்று இருக்கிறது. பூட்டச் சொல்லும் கட்டளையை அது மின்கலத்தின் தயவில்தான் நினைவு வைத்திருக்கிறது. மின்கலம் முழுக்கச் செத்தால் எல்லாம் மறந்துவிடும். திரும்ப உயிர் வரும்போது தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று போல விழித்து, 'நான் டெமோ, யாராவது இருக்கிறீர்களா' என்று சற்று நேரம் கூப்பிடும். பிறகு மென்பொருள் முழித்துக்கொண்டு வாயைப் பொத்தும். இது என் ஊகம் மட்டும். அந்தப் புதன்கிழமை உன் பிளேயர் செத்துப் பிழைத்ததா? யோசித்துப் பார்.

இன்னொன்று. உன் லைனில் இருக்கிற மற்றப் பிள்ளைகளின் பிளேயர்களும் என் கடையில் வாங்கியவைதானே. நீ அவர்களின் பெயர்களைச் சொன்னால் போதும். எல்லோரிடமும் ஒன்றே இருக்கிறது என்று தெரிந்தால் உன்னை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வார்கள்?

றிஹானா


பண்டத்தரிப்பு
18.03.2025

றிஹானா,

முதலில் உன் கடைசிக் கேள்விக்கு. மாட்டேன். நான் பெயர் சொன்னால் நாளைக்கு அவர்களும் என்னைப் போல வீட்டில் இருப்பார்கள். ஒருத்தியின் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான், இன்னொருத்தி இப்போதுதான் கலியாணத்துக்கு நாள் வைத்திருக்கிறாள். அதை நீ இனி எழுதாதே.

இனி மற்றக் கதை. நீ எழுதியதை வாசித்ததும் எனக்குத் தையல்காரியாக ஒன்று விளங்கியது. நாங்கள் குளிருக்குப் போடுகிற கோட் தைப்போம். பொக்கற் உள்ளே முழுதாக இருக்கும், வாயை மட்டும் நூலால் மூடித் தைத்து அனுப்புவோம். வாங்குகிற சிலர் அது சும்மா அலங்காரம் என்று நினைத்து ஆயுள் முழுக்கத் திறக்கவே மாட்டார்கள். பூட்டின புளூடூத் என்பது அதுதானே?

ஓம், செத்துத்தான் பிழைத்தது. செவ்வாய் இரவு நிறுத்த மறந்து படுத்துவிட்டேன். காலையில் கறுத்துப்போய்க் கிடந்தது. தொழிற்சாலை பஸ்ஸில் ஒரு பிள்ளையின் பவர்பாங்கில் கொஞ்சம் ஏற்றினேன். மெசினில் இருந்தபிறகுதான் போட்டேன்.

உன் ஊகத்தை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை, ஒருக்கால் அப்படி நம்பித்தான் இந்த வில்லங்கம். அதனால் செய்து பார்த்தேன். திறந்த பிளேயரை மூடி, பாட்டைப் போட்டுத் தலையணைக்குக் கீழே வைத்தேன், சாகும்வரை பாடட்டும் என்று. அம்மா, "ஆளில்லாத இடத்திலை ஆருக்கடி பாட்டுப் போடுறாய்?" என்று கேட்டா. அது செத்தபிறகு மின்சாரம் ஏற்றி, என் போனில் தேடும் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்து, பிளேயரைப் போட்டேன்.

வந்தது, றிஹானா! 'டெமோ' என்று வந்தது. நான் ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கவில்லை, போய்விட்டது. திரும்பச் சாகவைத்தேன். திரும்பவும் வந்தது. அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பாவம், ஆரைக் கூப்பிடுதோ" என்றா.

பெட்டி உடைக்காத மற்றதை விசாரணைக்குக் கொண்டுபோகப் போகிறேன். அவர்கள் முன்னாலேயே உடைத்து, அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டுவேன். புதியது என்றால் மின்கலம் காலியாகத்தானே இருக்கும்.

இந்தக் கிழமை எனக்குப் பயத்தை விட ஆவல்தான் கூட. அது சரியா பிழையா தெரியவில்லை. கதைக்க இன்னும் மனம் வரவில்லை, எழுதும்போது மட்டும் உன்னோடு கோபமில்லாமல் இருக்கிறேன்.

ஜெசிதா


புத்தளம்
21.03.2025

ஜெசி, அவசரம்.

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. புதியது காலியாக இருக்காது! எல்லாப் பிளேயரையும் பாதி மின்சாரம் ஏற்றித்தான் பெட்டியில் போடுவார்கள், இல்லாவிட்டால் கப்பலில் வரும்போதே மின்கலம் கெட்டுவிடும். பூட்டும் கட்டளை அதற்குள் பத்திரமாக இருக்கும். நீ அவர்கள் முன்னால் போட்டால் பெயர் வராது. அவர்கள் முன்னால் உடைத்து, அவர்களிடமே விட்டுவிட்டு, செத்தபிறகு அடுத்த நாள் பாருங்கள் என்று கேள்.

என் போனிலிருந்து அடித்தேன், மறித்தே வைத்திருக்கிறாய். உம்மாவின் போனிலிருந்தும் அடித்தேன், தெரியாத நம்பரை நீ எடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஹசன் மாமா வவுனியாவுக்குப் போய்விட்டார். இந்தத் தாளைத் தபாலில் போட உம்மா இந்த வெயிலில், நோன்போடு நடந்து போகிறா.

அல்லாஹ்வே, இது நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்.

றிஹானா


பண்டத்தரிப்பு
27.03.2025

அன்புள்ள றிஹானா,

உன் அவசரக் கடிதம் நேற்றுப் பின்னேரம் வந்தது. விசாரணை முந்தின நாளே முடிந்துவிட்டது. உன் நம்பரை மறித்து வைத்திருந்தது என் மடைத்தனம். இப்போது திறந்துவிட்டேன். ஆனால் நடந்ததை எழுதித்தான் சொல்ல வேண்டும், போனில் சொன்னால் நீ இடையில் இடையில் கேள்வி கேட்பாய்.

மேசைக்கு அங்கால் தியாகலிங்கம் சேர், கொழும்பிலிருந்து வந்த கணினிப் பகுதிப் பெடியன் ஒருவர், எழுதுகிற பிள்ளை ஒருத்தி. நான் உன் தாளைக் கொடுத்தேன். சேர் வாசித்துவிட்டு, "இது உம்மடை சிநேகிதி தந்தது. வேறை என்ன இருக்கு?" என்றார். திறந்த பிளேயரை வைத்தேன். "இது நீர் கழட்டிப் பாத்த சாமான். நீர் என்ன செய்தனீர் எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். அது நியாயம்தான். அப்போது புதிய பெட்டியை வைத்தேன். அவரே உடைத்தார். கொழும்புக்காரர் தன் போனைத் திறந்து வைத்தார். நான் பிளேயரைப் போட்டேன்.

ஒன்றும் வரவில்லை.

நிறுத்திப் போட்டேன். திரும்பவும் வரவில்லை. வீட்டில் வந்தது, அம்மா பார்த்தா என்று உளறினேன். கொழும்புக்காரர், "பரவாயில்லை, அவசரப்பட வேண்டாம்" என்றார். சேர் பேனையை மூடினார்.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு சிவகௌரி வந்தாள். நான் அழைக்கவில்லை. யாருமே அழைக்கவில்லை. லைனில் இருந்து அப்படியே எழும்பி வந்து கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள், மேலங்கியில் நூல் ஒட்டியிருந்தது. "சேர், என்னட்டையும் ஒண்டு இருக்கு" என்று நீலப் பிளேயரை மேசையில் வைத்தாள். "தைப்பொங்கலோடை செத்துப்போச்சு. வயரைத் துலைச்சிட்டன், பேந்து சார்ஜ் போடேல்லை. நான் இதைக் கழட்டவுமில்லை, ஒண்டும் செய்யவுமில்லை. நீங்களே போட்டுப் பாருங்கோ."

கொழும்புக்காரர் தன் வயரைக் கொடுத்தார். எல்லோரும் அது மின்சாரம் குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறகு அவரே போட்டார்.

'டெமோ' வந்தது. சேர் எட்டிப் பார்த்தார். போய்விட்டது. கொழும்புக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி, "இன்னொருக்காச் செய்யலாமோ?" என்று கேட்டார். அதைச் சாகவைக்க நேரமாகும் என்று நான் சொன்னேன். பிறகு அவரும் நானும் அந்த நெளிந்த கோட்டைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தோம். சேர் இருமிய பிறகுதான் அது விசாரணை என்று இரண்டு பேருக்கும் நினைவு வந்தது.

வெளியே வந்ததும் சிவகௌரியிடம், "ஏன் வந்தனி?" என்று கேட்டேன். "அண்டைக்கு நான் செக்கியூரிட்டியைப் பாத்தது பயத்திலையடி. என்ரை பொக்கற்றுக்கையும் அது செத்தபடி கிடந்தது. நீ எங்கடை பேர் ஒண்டையும் சொல்லேல்லை எண்டு, அண்டைக்கு உன்னை விசாரிச்சதை எழுதின பிள்ளை பிறகு சொன்னாள்" என்றாள். நான் அவளைப் பற்றி உனக்கு எழுதியதை நினைத்து நிலத்தைப் பார்த்தேன்.

என்னைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சிவகௌரிக்கு எச்சரிக்கைக் கடிதம். எல்லோருடைய பிளேயர்களையும் வாங்கி வைத்துவிட்டார்கள், இனிப் பாட்டே இல்லை. படங்கள் எப்படி வெளியே போயின என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒன்று மிச்சம். சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீர் இதுகளைப் பற்றித் தெரிஞ்ச ஆள். லைனிலை ஏன் இருக்கிறீர்? வாசலிலை நில்லும். ஒரு போன் தாறம். உள்ளுக்கை வாற ஆக்களின்ரை பைக்குள்ளை என்ன இருக்கெண்டு பாத்துச் சொன்னால் போதும்" என்றார். கதிரை, காற்றாடி, சம்பளமும் கொஞ்சம் கூட. உயிர்த்த ஞாயிறு கழிய முடிவு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நீ என்ன நினைக்கிறாய்?

ஜெசிதா


புத்தளம்
10.04.2025

என் ஜெசிக்கு,

பெருநாளுக்கு முதல் நாள் பிள்ளை கிடைத்தது. பெண். நதா என்று பெயர். போனில் உனக்குச் சொல்லிவிட்டேன்தான், ஆனாலும் தாளில் எழுத ஆசையாக இருந்தது. உம்மா பெருநாள் வட்டிலப்பத்தை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து தாதிமாருக்கெல்லாம் கொடுத்தா.

சிவகௌரிக்கு என் சலாம் சொல். அவளுடைய எச்சரிக்கைக் கடிதத்துக்கும் நான்தான் காரணம். நான் விற்ற எல்லோருக்கும், கடையைத் திறந்ததும் பிளேயருக்குப் பதில் காசோ வேறு சாமானோ விரும்பியதைக் கொடுப்பேன். இனி நான் திறந்து பார்க்காத எதையும் 'ஒன்றும் இல்லை' என்று சொல்லி விற்கமாட்டேன். இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாமா? கேட்கிறேன்.

வாசல் வேலை பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஒருக்கால் சொல்லித்தான் உனக்கு இவ்வளவும் வந்தது. ஆனால் ஒரு சின்ன ஆசை. முடிவு சொல்வதற்கு முன் அந்தப் போனை வாங்கி, எல்லோரும் சாப்பிடப் போன நேரம் கூடத்துக்குள் ஒரு நடை நடந்து பார். பிளேயர் எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்கள் அல்லவா. ஒரு பெயரும் இல்லாத கூடம் எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

றிஹானா


பண்டத்தரிப்பு
29.04.2025

அன்புள்ள றிஹானா,

நடந்தேன். கூடம் வெறுமையாக இருக்கவில்லை.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போனபிறகு சேரிடம் வாங்கிய போனைத் திறந்தேன். பெயர்கள் மழை மாதிரி விழுந்தன. எல்லாம் ஒரே மூன்று எழுத்தில் தொடங்கி இலக்கத்தில் முடிகின்றன. முதலில் நான் பயந்தேன், பிள்ளைகள் திரும்பவும் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று. ஆனால் ஒரு பையும் அங்கே இல்லை. மேலங்கிகள் எல்லாம் கொழுவியில் தொங்கின. ஒவ்வொரு மெசினுக்குப் பக்கத்திலும் போக ஒரு பெயர் மேலே ஏறி வந்தது. பெயருக்குப் பின்னால் இருந்தது மெசினின் இலக்கம். என் மெசினில் போய் நின்றேன், என் இலக்கம் வந்தது. சுவிச்சை நிறுத்தினேன், போய்விட்டது. போட்டேன், வந்தது.

போன வருஷம் புதிய மெசின்கள் வந்தபோது முன்னால் ஒரு சின்னத் திரை இருந்தது. நூல் அறுந்தால் காட்டத்தான் அது என்று சுப்பவைசர் சொன்னா. நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

போனைக் கொண்டுபோய்த் தியாகலிங்கம் சேரின் மேசையில் வைத்தேன்.

"சேர், கூடத்துக்குள்ளை இவ்வளவு பேர் இருக்கு. ஒண்டும் எங்கடை பொக்கற்றுக்கை இல்லை."

அவர் பார்த்தார். "உது மெசின் பிள்ளை, செக்கியூரிட்டிக்கும் தெரியும், அவர் உதுகளை விட்டிட்டுத்தான் தேடினவர். உற்பத்திக் கணக்கு. ஊசி எத்தினை தரம் இறங்குது, மெசின் எவ்வளவு நேரம் சும்மா நிக்குது, அதுகள் ஒபிசுக்குப் போகும்."

"நாங்கள் தண்ணி குடிக்கப் போற நேரமுமோ? மலகூடத்துக்குப் போறதுமோ?"

அவர் தேநீர்க் கோப்பையைத் திருப்பி வைத்தார். "மெசின் நிண்டால் நிண்டதுதானே. அது ஏன் நிண்டது எண்டு அதுக்குத் தெரியாது."

"இதை எங்களுக்கு ஏன் சொல்லேல்லை, சேர்?"

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே."

அவர் கெட்ட மனிதர் இல்லை, றிஹானா. அதைச் சொன்னபிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்தது, முகத்தில் தெரிந்தது. நான், "வாசல் வேலை எனக்கு வேண்டாம் சேர், நான் என்ரை மெசினிலையே இருக்கிறன். ஆனால் இதைப் பிள்ளையளுக்குச் சொல்லப்போறன்" என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. போனை மட்டும் வாங்கி லாச்சிக்குள் வைத்தார்.

அன்றைக்கே பஸ்ஸில் சொன்னேன். சிலர் நம்பவில்லை. சிலர் அழுதார்கள், போன மாதம் ஊக்கப்பணம் ஏன் குறைந்தது என்று அப்போதுதான் விளங்கியது. ஒருத்தி, "நீ ஏன் இதுகளைக் கிண்டுறாய், முந்திப் பாட்டுப் போச்சு, இனி வேலையும் போகட்டோ?" என்று என்மேல் பாய்ந்தாள். ஆனால் ஊழியர் சபைக் கூட்டத்தில் முதலில் கையை உயர்த்தியவள் அவள்தான். நாங்கள் கேட்டது இரண்டு. மெசின் என்ன எண்ணுகிறது, எங்கே அனுப்புகிறது என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். மலகூடத்துக்கும் தண்ணிக்கும் எழும்பிய நேரத்தைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது.

முதலாவது நடந்துவிட்டது. வாசலில் ஒட்டியிருக்கிறார்கள், பெரிய எழுத்து. இரண்டாவதைக் கொழும்பில் கேட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள். பாட்டும் இல்லைத்தான். எண்ணுகிறது என்று தெரிந்தபிறகு முதல் இரண்டு நாள் ஒருத்தியும் கதிரையை விட்டு அசையவில்லை, நானுந்தான். தொண்டை காய்ந்து, கால் மரத்து, ஊசியையே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

நேற்றுப் பத்து மணி இருக்கும். சிவகௌரி மெசினை நிறுத்தினாள். எழும்பி நின்று சேலைத் தலைப்பை உதறுகிறவள் மாதிரி மேலங்கியை உதறிவிட்டு, அந்தச் சின்னத் திரைக்கு நேரே குனிந்து, முழு லைனுக்கும் கேட்கத் தக்கதாக, "தண்ணி குடிக்கப் போறன். எழுதி அனுப்பு" என்றாள்.

எங்கள் லைன் சிரித்த சிரிப்பில் சுப்பவைசர் ஓடி வந்தா. வந்தவவும் சிரித்துவிட்டா. பிறகு நானும் மெசினை நிறுத்திவிட்டு எழும்பிப் போனேன்.

ஜெசிதா